பந்துத் தளத்தில் விட்டுவைத்த நெல்

எங்கள் ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம் வருவார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். காரைக்காலில் ஒரு நூலகத்தில் கடைநிலை ஊழியனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். அலமாரியைத் துடைக்கும்போது கைக்கு அகப்பட்ட புத்தகத்தில் இரண்டு பக்கமாவது படித்துவிட்டே திரும்ப வைப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டு, அதன் வழியாகவே வாக்கியம் அமைக்கக் கற்றேன். வாய்க்கால் தூர்வாரக் கோருவதானாலும், முதியோர் உதவித்தொகை நின்றுபோனதை முறையிடுவதானாலும், என் கையெழுத்தில் போன தாளுக்கு அலுவலகத்தில் மதிப்பு இருந்தது. "ஐயா எழுதுனா அதிகாரி நிமுந்து ஒக்காந்து படிப்பாரு" என்று ஊரார் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. அந்த இனிப்பில் மயங்கி நான் செய்த ஒரு காரியத்தை, மனுவின் நடையில் அல்லாமல், நடந்தது நடந்தபடி எழுதிவைக்க விரும்புகிறேன்.

காரைக்காலை அடுத்த நெரவிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே உள்ளது எங்கள் சிற்றூர். ஊரின் வடகோடியில் பொதுக்களம் இருந்தது. கதிர் அடித்ததும் தூற்றியதும் அங்கேதான். அறுப்பு இயந்திரம் வந்தபின் களத்துக்கு வேலை குறைந்து, ஆண்டில் பெரும்பகுதி அங்கே நெருஞ்சி மண்டிக் கிடந்தது. அவ்விடத்தில் கூடைப்பந்துத் தளம் அமைக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது, எதிர்ப்பு மனுவை எழுதியவன் நான். 'உழவரின் களத்தைப் பறித்து உல்லாசத்துக்கு வழங்குவது அறமாகுமா' என்று அதில் ஒரு வரி. ஊரில் பலர் அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மனு ஏற்கப்படவில்லை. சிமெண்டுத் தளம் போட்டு, தெற்கிலும் வடக்கிலும் கம்பம் நட்டு, பலகையும் வளையமும் மாட்டிவிட்டுப் போனார்கள்.

மண்களத்தில் மூன்று நாள் காய வேண்டிய நெல், சிமெண்டில் ஒன்றரை நாளில் காய்ந்தது. அதைக் கண்டதும், எதிர்த்த நாங்களே முதலில் மூட்டையை அவிழ்த்தோம். நெல்லில் ஈரம் கூடுதலாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள். ஆகையால் சம்பா அறுப்பு நடக்கும் தை, மாசி மாதங்களில் அந்தத் தளம் கோட்டுக்குக் கோடு மஞ்சளாகக் கிடக்கும்.

பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். மின்துறையில் பணிபுரிபவர். இளமையில் புதுச்சேரி அணிக்காக ஆடியவர்; அந்த ஆட்டமே அவருக்கு அந்த வேலையை வாங்கித் தந்தது. அந்த நன்றிக்காகவோ என்னவோ, மாலைதோறும் காரைக்காலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். முதல் அறுப்புக் காலத்தில் நெற்பரப்பின் ஓரத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்:

"ஐயா, நெல்ல எடுங்கன்னு சொல்ல நான் வரலை. நாலு மணிக்கு மேல எடத்த விட்டாப் போதும். ஆனா ஒரு நெல்லு கூட கெடக்கக் கூடாதுங்க. ஓடற புள்ளைங்க. வழுக்கிச்சுன்னா அவ்வளவுதான்."

"நாலுக்கு அள்ளிடுவோம். நாலரைக்கு நீங்க எறங்கலாம்" என்று ஊர் சார்பில் வாக்குக் கொடுத்தவன் நானே.

தொடக்கத்தில் ஊரில் ஏளனம்தான் மிகுந்திருந்தது. முழங்கால் தெரியும் கால்சட்டையில் பெண்கள் ஓடுவதைப் பார்த்து, நடவுக்குப் போய்த் திரும்பும் பெண்கள் நின்று சிரிப்பார்கள். "ஏன்டி, நாத்து நடறப்ப சேத்துல நின்னாக்கூட நாங்க இவ்வளவு தூக்கிச் சொருக மாட்டோமே!" என்று ஒருத்தி கேட்டாள். பந்தைத் தட்டிக்கொண்டே ஒரு பெண் திரும்பிச் சொன்னாள்: "நீங்களும் வாங்க பெரியம்மா. ஒரு ஆளு கொறையுது. சேறு இல்லாத எடம், நல்லா ஓடலாம்."

இரண்டு ஆண்டுகளில் அந்தப் பெரியம்மாவே கட்டவேண்டிய பூவையும் நாரையும் எடுத்துக்கொண்டு தளத்தின் ஓரத்தில் வந்து உட்காரலானாள். உயரமாக வளர்ந்த மகளை, "பனமரமாட்டம் நிக்கிறா, எவன் கட்டுவான்" என்று வைதுகொண்டிருந்த ஒரு தாய், "எம் பொண்ணுதான் நடுவுல நின்னு பந்த எடுக்கறவ" என்று பேருந்தில் முன்பின் அறியாதவரிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அணியில் மூத்தவளாக இருந்த ஒருத்திக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் காவலர் வேலை கிடைத்தது. சீருடையில் அவள் ஊருக்குள் வந்த நாளில் அவளுடைய தந்தை, அழைக்காத வீட்டுக்கெல்லாம் அவளை அழைத்துப் போனார். எங்கள் தெருவில் ஒரு மருமகள் தன் மாமியாரிடம், "அத்தை, இன்னைக்கு இது மூணாவது ஃபவுலு, பாத்துக்கிங்க" என்று சொன்னதாக ஒரு பேச்சு உலவி, பிறகு அதுவே பல வீடுகளில் வழக்காகிவிட்டது.

நானும் தினமும் போவேன். நெல்லுக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு நாற்காலியைப் போட்டு உட்காருவேன். அறுப்பு இல்லாத மாதங்களிலும் ஏதாவதொரு காரணம் வைத்திருந்தேன். ஆட்டத்தை ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள, எதிர்ப்பு மனு எழுதியவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த அணியில் ஒரு பெண் மட்டும் கடற்கரைக் குடும்பத்தவள். பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். பட்டினத்து மீனவர் குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவாள். தந்தை விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். தாய் எங்கள் தெருவுக்குத் தினமும் காலையில் மீன் கொண்டுவருகிறவள். மற்ற பெண்கள் பந்தைப் பார்த்து ஓடினால், இவள் பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்னதாகவே போய் நிற்பாள்.

"புடிடி அவள! விட்டுடாத!"

"எங்க புடிக்கிறது, விரால் மாதிரி வழுக்குறா!"

"விரால் உங்க வாய்க்கால்ல கெடக்கும். நான் கடல் மீனுடி!" என்று சொல்லிக்கொண்டே அவள் வளையத்துக்குள் பந்தைப் போட்டுவிட்டிருப்பாள்.

மாலை ஆட்டத்தைக் காண அவளுடைய தாய்க்கு நேரம் வாய்த்ததில்லை. ஆகவே மறுநாள் காலை என் வாசலில் கூடையை இறக்கியதும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும்.

"ஐயா, நேத்து எம் பொண்ணு எத்தனை போட்டா?"

"ஏழு தடவை போட்டாம்மா."

"எட்டுன்னு சொன்னாளே!"

"ஒண்ணு வளையத்துல சுத்திட்டு வெளியில விழுந்துச்சு. அதையும் சேத்துச் சொல்லியிருப்பா."

"பாருங்க, பெத்தவகிட்டயே புளுகுறா" என்று சிரித்துக்கொண்டு மீனை நிறுப்பாள். என் வாய்ச்சொல்லை மகள் சொல்லைக் காட்டிலும் நம்பினாள். இதை நான் பின்னால் நினைத்து வருந்தப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

சென்ற ஆண்டு மாசியில் புதுச்சேரி அணிக்குத் தேர்வு நடக்கவிருந்தது. இந்தப் பெண் தேறுவது உறுதி என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அந்த அணியில் ஆடிய சான்றிதழ் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும். பிறகு அரசு வேலைக்கும் வழி உண்டு. அந்தக் குடும்பத்தில் கடலையும் கூடையையும் விட்டு வேறொரு வாழ்க்கைக்குப் போகக்கூடிய முதல் ஆள் அவள். தேர்வுக்கு இன்னும் பத்து நாள்.

இங்கே எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். களத்தை முற்றும் வழித்து எடுக்கக் கூடாது என்பது அது. நெல்லை அள்ளி முடித்தபின் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், ஒரு கைப்பிடி நெல்லை விட்டுவைக்க வேண்டும். குருவிக்கும் எறும்புக்கும் உரியது அது. துடைத்த களத்தில் மறுபோகம் விளங்காது என்று என் தந்தை சொல்வார். மண்களத்தில் அந்த வழக்கத்தால் யாருக்கும் தீங்கு வந்ததில்லை. சிமெண்டுத் தளத்திலும் அதை நான் விடவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, தளத்தின் விளிம்பில் வைப்பேன். கோட்டுக்கு வெளியே இருப்பது ஆட்டத்தில் சேராது என்பது என் எண்ணம். ஆடுகிறவர்களின் கால்கள் கோட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் நான். பயிற்சியாளரிடம் இதைச் சொன்னதுமில்லை.

அன்று மூன்று மணிக்கு மேற்கே மேகம் கறுத்துக் காற்று எழும்பியது. நானும் என் மருமகளும் அவசரமாக நெல்லைக் குவித்துப் படுதாவைப் போர்த்தினோம். வழக்கமாக மருமகள் தென்னம் விளக்குமாற்றால் இருமுறை பெருக்குவாள். அன்று ஒருமுறைதான் ஆயிற்று. நான் என் கைப்பிடி நெல்லை மூலையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மழை வரவில்லை. காற்று மட்டும் சுழன்றடித்துவிட்டு ஓய்ந்தது. மூலையில் வைத்த நெல் குவியலாக இல்லை, கோட்டுக்கு உள்ளே சிதறிக் கிடந்தது என்பது நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

"ஐயா, பெருக்கியாச்சுங்களா? புள்ளைங்கள எறக்கலாமா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"சுத்தமா பெருக்கியாச்சு. எறங்கச் சொல்லுங்க" என்றேன். எழுந்து போய் நான்கு முறை விளக்குமாற்றை வீசியிருந்தால் முடிந்திருக்கும். எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது. அதைக் காட்டிலும், கேட்ட மாத்திரத்தில் இல்லை என்று சொல்ல என் கௌரவம் இடங்கொடுக்கவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருக்கலாம். அந்தப் பெண் வடகிழக்கு மூலைக்கு ஓடிப் பந்தை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் நிற்க இடதுகாலை ஊன்றினாள். ஊன்றிய கால் ஒரு பக்கம் போயிற்று, உடல் இன்னொரு பக்கம் போயிற்று. பந்து தன்போக்கில் உருண்டுவந்து என் நெற்குவியலின் படுதாவில் முட்டி நின்றது. அவள் அலறவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "சார், கால் எங்கேயோ போயிட்டு வந்துச்சு சார்" என்று மட்டும் சொன்னாள். சொன்ன பிறகே அழுதாள்.

எல்லோரும் ஓடினார்கள். நானும் போனேன். தரையில் ஊன்றிய அவளுடைய உள்ளங்கையில் ஐந்தாறு நெல்மணிகள் பதிந்து ஒட்டியிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பயிற்சியாளர் அவளுடைய காலைப் பற்றியிருந்தார். பெண்கள் தண்ணீர் தேடி ஓடினார்கள். எவரும் என்னைக் கவனிக்கவில்லை என்று நான் கருதிய அந்தக் கணத்தில், சிதறிக் கிடந்த மிச்ச நெல்லை என் காலால் தள்ளித் தள்ளி விளிம்புக்கு அப்பால் புல்லில் விழச்செய்தேன். திட்டமிட்டுச் செய்யவில்லை என்று பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கால் தானாகப் போயிற்று என்று சொன்னால் அதை நம்ப என்னாலேயே இயலவில்லை. நிமிர்ந்தபோது மருமகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரைக்காலில் கட்டுப் போட்டார்கள். புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, முழங்காலுக்குள் தசைநார் அறுந்திருப்பதாகவும் அறுவை செய்யவேண்டும் என்றும் தெரிந்தது. தேர்வுக்குப் போக வழியில்லை.

நான்காம் நாள் அவளுடைய தாய் வழக்கம்போல் மீனோடு வந்தாள். அன்று எத்தனை போட்டாள் என்று கேட்க ஒன்றுமில்லை. கூடையை இறக்கிவிட்டு, என்னைப் பார்த்ததும் உடைந்து போனாள்.

"எல்லாம் என்னாலதாங்க ஐயா. ஷூவு அடியில தேஞ்சு வழவழன்னு போச்சு. ஒரு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தா. செலக்சன் முடியட்டும், புதுசு வாங்கித் தர்றேன்னு நாந்தான் தள்ளிப் போட்டேன். ஒரு ஷூ வாங்கிக் குடுத்திருந்தா எம் பொண்ணு இப்படிக் கெடப்பாளா? பெத்தவளே காலை ஒடச்சுட்டேனே ஐயா!"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது மூன்று சொல்தான்: 'ஷூ இல்லம்மா, நெல்லு.' நான் சொன்னதோ, "நடக்கணும்னு இருந்தா நடக்கும். மனச விட்டுடாதம்மா" என்பது. ஆறுதல் சொன்னவன்போல் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று எனக்கு இரண்டு மீன் கூடுதலாகப் போட்டாள்.

அந்த வாரத்திலேயே பயிற்சியாளர் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். தளத்தில் நெல் கிடந்ததே விபத்துக்குக் காரணம், இனி அங்கே நெல் காயவைப்பதைத் தடைசெய்ய வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஊர் கலங்கிற்று. பாதி வயல் அறுப்புக்கு நின்றது. பெரியவர்கள் சிலர் மாலையில் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஐயா, நீங்க ஒரு பதில் எழுதுனா முடிஞ்சுது. அந்தாளு பந்து வேணா நல்லாப் போடுவாரு, பேனா புடிக்கிறதுல உங்ககிட்ட நிக்க முடியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போனபின் தாளை எடுத்து வைத்தபோது மருமகள் கதவோரம் நின்று சொன்னாள்:

"மாமா, அந்த மூலையில நெல்லு கெடந்துச்சே."

"காத்துல பறந்து வர்றதுக்கு யாரும்மா பொறுப்பு?"

"காத்தா மாமா காலால தள்ளுச்சு?"

அவள் உள்ளே போய்விட்டாள். நான் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய தாள்களிலேயே அமைப்பில் சிறந்தது அதுதான் என்பதையும் வெட்கத்தோடு சொல்கிறேன். ஒரு சொல்லை மாற்ற மூன்று முறை கிழித்து எழுதினேன். 'பெண்ணின் தாயாரே இவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் தம் வாய்ப்படக் கூறியுள்ளவாறு, காலணியின் அடிப்பாகம் தேய்ந்து வழுக்கும் தன்மை பெற்றிருந்தமையே விபத்தின் மூலகாரணமாகும். தளம் முறையாகப் பெருக்கப்பட்டிருந்தது' என்ற வாக்கியத்தை எழுதி முடித்தபோது, அது தராசைப்போல் இருபுறமும் சமமாக நிற்பதாக எனக்குள் ஒரு நிறைவு வந்தது. அழுதுகொண்டு ஒருத்தி சொன்னதை எடுத்து அவளுக்கே எதிராக வைக்கிறேன் என்ற எண்ணம் அந்த நிறைவுக்குள் நுழையவில்லை.

விசாரணைக்கு இரு தரப்பையும் அழைத்தார்கள். பயிற்சியாளர் வந்திருந்தார். அந்தத் தாயும் வந்து சுவரோரம் நின்றிருந்தாள். அதிகாரி என் பதிலை உரக்கப் படித்தார். அந்த வாக்கியம் வந்ததும் நிறுத்தி, "இப்படி நீங்க சொன்னதாம்மா?" என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"சொன்னேங்க. இவரு வூட்டு வாசல்ல, மனசு தாங்காம சொன்னது. எழுதறதுக்கா சொன்னேன்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவளே, "எழுதிக்கிங்க. ஷூ தேஞ்சதுதான். பொய் இல்ல" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயிற்சியாளர் ஏதோ சொல்ல வந்தார். தாயே ஒப்புக்கொண்ட பிறகு அவர் சொல்ல என்ன இருக்கிறது? அறுப்பு முடியும்வரை தளம் நெல்லுக்கு, பிறகு பயிற்சிக்கு என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் ஊரார் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். நான் குடித்தேன்.

பயிற்சியாளர் அதன்பின் எங்கள் ஊருக்கு வரவில்லை. பயிற்சியைக் காரைக்காலுக்கு மாற்றிக்கொண்டார். மாலையில் பெண்ணைப் பேருந்தில் அனுப்பப் பல வீடுகளில் சம்மதிக்கவில்லை. பன்னிருவரில் நால்வர் போனார்கள். இப்போது இருவர் என்று கேள்வி. எஞ்சிய பெண்கள் நான்கு மணிக்கு வீடு திரும்பி வாசல் தெளிக்கிறார்கள். மகளை நடுவில் நின்று பந்து எடுக்கிறவள் என்று சொன்ன தாய், மீண்டும் பனைமரப் பேச்சுக்குத் திரும்பிவிட்டாள்.

கடற்கரைப் பெண்ணுக்கு அறுவை நடந்தது. மெல்ல நடக்கத் தொடங்கினாள். அந்த ஆண்டு கல்லூரி போகவில்லை. அவளுடைய தாய் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்தவில்லை. என் வாசலிலும் கூடையை இறக்குவாள். மருமகளிடம் மட்டும் பேசுவாள். உள்ளே இருந்தபடியே எனக்குக் கேட்கும். வாரத்துக்கு இரண்டு முறையேனும் ஏதாவதொரு பெண் மகளைப் பற்றி விசாரிப்பாள், அவளும் மாறாமல் அதையே சொல்வாள்: "ஒரு ஷூவு வாங்கிக் குடுத்திருந்தா எம் பொண்ணு தப்பிச்சிருப்பா. நாந்தான் கெடுத்தேன்." பிறருக்கு அது கேட்டுக் கேட்டுப் பழகிப்போன பேச்சு. எனக்கு ஒவ்வொரு முறையும் கையில் எடுத்த பத்திரிகை அப்படியே நின்றுவிடும்.

இந்த ஆண்டு சம்பா அறுத்தபோது என் நெல்லைத் தளத்தில் விரிக்கவில்லை. சாலையோரத்தில் காயவைத்தேன். அது ஒரு பரிகாரமாகத் தோன்றி, இரண்டு நாளில் தோன்றாமலும் போயிற்று. பிறகு ஒரு தாளை எடுத்து, நெல் என்னுடையது, மூலையில் வைத்தவன் நான், பெருக்கியாயிற்று என்று சொன்னது பொய், காலால் தள்ளியதும் நானே என்று நான்கு வரி எழுதி அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். அதிகாரி படித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க ஐயா. இது முடிஞ்சுபோன ஃபைலு. இப்ப எதுக்குங்க? உங்க வயசுக்கு இந்த அலைச்சல் தேவையா?" என்று மரியாதையோடு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தத் தாளோடு பட்டினத்துக்குப் பேருந்து ஏறினேன். அவர்கள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். வாசலில் தாயும் மகளும் வாளை மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மகள் இடதுகாலை நீட்டியபடி தாழ்ந்த பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க ஐயா" என்றாள் தாய். கையைக் கழுவவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை.

தாய்க்குப் படிக்கத் தெரியாது. மகளிடம் தாளை நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். முகத்தில் வியப்பு ஏதும் தெரியவில்லை. மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் படிச்சுச் சொல்ல மாட்டேங்க. நீங்களே வாயால சொல்லுங்க எங்கம்மாகிட்ட."

நான் சொல்லத் தொடங்கினேன். ஆயுள் முழுவதும் சேர்த்துவைத்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.

"அம்மா... ஷூ இல்லம்மா. நெல்லு. நான் வெச்ச நெல்லு அது. பெருக்கியாச்சுன்னு சொன்னேன். அந்த மூலையப் பெருக்கலை. அப்பறம்... கெடந்ததக் காலால தள்ளிட்டேன்."

தாய் கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"எப்பங்க தள்ளுனீங்க?"

"அவ வுழுந்து கெடக்கறப்ப."

"அவ அழுதுக்கிட்டுக் கெடக்கறப்பவா?"

"ஆமாம்மா."

"ஒரு வருசமா உங்க வாசல்ல வந்து ஒக்காந்தேனே. தெனமும் வந்தேனே. ஒரு நாள் கூப்புட்டுச் சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

மகள் குனிந்து மீனின் வாலைப் பார்த்தபடியே பேசினாள். "நான்தான் அன்னைக்கே சொன்னேனேம்மா, கையில நெல்லு ஒட்டியிருந்துச்சுன்னு. நீ நம்புனியா? 'ஐயா பொய் சொல்ல மாட்டாரு, ஓம் ஷூவுதான்'னு என்னையே திட்டுன."

பந்து வளையத்தில் விழுந்ததா இல்லையா என்பதற்குக்கூட மகளை விட்டு என்னை நம்பியவள், இதிலும் என்னையே நம்பியிருந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் தயார் செய்து கொண்டுவந்திருந்தேன். அதைச் சொல்ல வாய் திறந்தேன்.

"போங்க ஐயா" என்றாள் தாய். குரல் உயரவில்லை. "வெயில் ஏறுது. பஸ்ஸு போயிடும். இனிமே உங்க தெருவுக்கு நான் வர மாட்டேன். வந்தா உங்க மூஞ்சியப் பாக்கணும்."

கத்தியை எடுத்து அடுத்த மீனை இழுத்துக்கொண்டாள். நான் திரும்பி நடந்தேன். மகளின் எதிர்காலத்தைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. பேச எனக்கு உரிமையும் இல்லை.

சொன்னபடியே அவள் வருவதில்லை. எங்கள் தெருப் பெண்கள் மீனுக்குக் கடைத்தெருவரை நடக்கிறார்கள். வெயிலில் போய்த் திரும்புகிறவர்கள் என் வீட்டைக் கடக்கும்போது, "என்னங்க ஐயா, மீன்காரம்மா ஏன் நம்ம பக்கமே வர்றதில்ல? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். கேட்கிற ஒவ்வொருவரிடமும் காரணத்தைச் சொல்கிறேன். பாதியிலேயே சிலர், "விடுங்க ஐயா, வயசான காலத்துல இதையெல்லாம் போட்டு..." என்று பேச்சை மாற்றப் பார்க்கிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், நீங்களே எழுதிக் கொடுத்ததை நீங்களே மறுத்தால் நெல்லை எங்கே காயவைப்பது என்று கோபித்துக்கொண்டார். என்னோடு இப்போது பேசுவதில்லை. நான் யாருக்காகவும் பாதியில் நிறுத்துவதில்லை. காலால் தள்ளிய இடம் வரும்போது மட்டும் என் குரல் உள்ளே போய்விடுகிறது. "என்ன சொன்னீங்க? கேக்கலைங்க" என்கிறார்கள். மறுபடியும் சொல்கிறேன்.